கரண்ட் திருட்டு

“என் வண்டியில யாரோ கரண்ட் திருடறாங்க, அம்மிணி,” என்றார் நாச்சிமுத்து.

ஜெரினா ஒரு தேங்காய் லாரிக்கு அடியில் படுத்திருந்தாள். தலையை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தாள்.

பட்டறை வாசலில் பச்சை நிறத்தில் ஒரு பழைய வெளிநாட்டுக் கார் நின்றது. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். பெயின்ட் மட்டும் புதுசு. பக்கத்து மண்டி ஆட்கள் நாலு பேர் அதை ரோட்டிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து விட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

“யாருன்னு தெரியுமா சார்?”

“தெரிஞ்சா போலீசுக்குப் போயிருப்பேன். இங்க எதுக்கு வர்றேன்?”

நாச்சிமுத்துவுக்கு அறுபத்து நாலு வயது. மின்சாரத் திருட்டைப் பிடிக்கும் பறக்கும் படையில் முப்பத்தொரு வருஷம் இருந்தவர். அவருடைய ஜீப் தோட்டத்துப் பாதையில் திரும்புகிறது என்று தெரிந்தால், கம்பியில் கொக்கி போட்டவர்கள் மட்டுமல்ல, போடாதவர்களும் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொள்வார்கள். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆயிற்று. ஜீப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சந்தேகம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

ஜெரினாவுக்கு நாற்பத்தொன்று. கரூரில் பஸ் பாடி கட்டும் இடத்தில் பதினெட்டு வருஷம் ஒயரிங் வேலை பார்த்தவள். பொள்ளாச்சிக்கு வந்து பல்லடம் ரோட்டில் இந்தத் தகரக் கொட்டகையைப் போட்டாள். பழைய வண்டிகளுக்கு அவளை விட்டால் ஆள் இல்லை என்று சொன்னார்கள். அவள் வண்டியோடு பேசுவாள், மனிதர்களோடு பேசமாட்டாள் என்றும் சொன்னார்கள்.

இரண்டையும் நாச்சிமுத்து நம்பவில்லை. வேறு வழி இல்லாமல் வந்திருந்தார்.

நின்றுகொண்டே முழுக் கதையையும் சொன்னார். வண்டி அவர் மனைவியின் அப்பா வாங்கியது. மனைவி இறந்த வருஷம் அதைப் புதுசுபோல் ஆக்கினார். அதற்குப் பிறகுதான் இந்தத் திருட்டு. பத்து நாளைக்கு ஒரு முறை பேட்டரி இறங்கிவிடும். செல்ஃப் ஸ்டார்ட்டர் முனகும், எடுக்காது. முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினால்தான் கிளம்பும். இரண்டு வருஷத்தில் மூன்று பேட்டரி மாற்றியாயிற்று. டைனமோவைப் புதிதாகக் கட்டியாயிற்று. ரெகுலேட்டர் பெட்டியைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தாயிற்று. போய்க் கேட்டால் அவரவர் சாமான் நன்றாக இருப்பதாக அவரவர் சொல்கிறார்கள்.

“எல்லாரும் கூட்டு,” என்றார்.

இந்தத் திருட்டுக்காக முழு வண்டியை அவர் யாரிடமும் கொண்டுபோனதில்லை. கழற்றிய சாமானை மட்டும் எடுத்துக்கொண்டு போவார். முழு வண்டியைக் காட்டினால் என்னென்ன மாறுமோ, யார் கண்டது? பேட்டரியின் அடியில் ஊசியால் ஒரு ரகசியக் குறி கீறி வைத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் புரட்டிப் பார்ப்பார். குறி அப்படியே இருக்கும். பேட்டரியை மாற்றிவிட்டு அந்தக் குறியையும் அதேபோல் கள்ளத்தனமாகக் கீறி வைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தார்.

“வண்டியை யாரு ஓட்டறாங்க?” என்று கேட்டாள் ஜெரினா.

மாரப்பன் என்று ஒருவன் பதினாறு வருஷம் ஓட்டினான் என்றார். நாலு மாசத்துக்கு முன்னால் அவனை நிறுத்திவிட்டார்.

“அவர் போன பிறகு திருட்டு நின்னுச்சா?”

“இல்லை.”

“அப்ப?”

“மாத்துச் சாவி செஞ்சு வெச்சிருப்பான்.”

ஜெரினா வெளியே வந்து உட்கார்ந்தாள். வண்டியை விட்டுவிட்டுச் சாயங்காலம் வரச் சொன்னாள். அது நடக்காது என்றார் நாச்சிமுத்து. கூடவே உட்கார்ந்திருப்பேன், கழற்றுகிற ஒவ்வொன்றையும் என் கண்ணுக்கு முன்னால் வைக்க வேண்டும், நான் பார்க்காமல் பானட்டைத் திறக்கக் கூடாது என்றார்.

அவள் கையைக் கழிவுத் துணியில் துடைத்துக்கொண்டாள். ஸ்பேனர்களையும் மீட்டரையும் எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள்.

“நீங்களே பாருங்க.”

“எனக்கு லைன் கரண்ட் தெரியும். வண்டி கரண்ட் தெரியாதே?”

“தெரிஞ்சவங்க மேல உங்களுக்கு நம்பிக்கை இல்லை. தெரியாதவர் மேல இருக்கான்னு பார்ப்போம்.”

சொல்லிவிட்டு லாரிக்கு அடியில் போய்விட்டாள்.

இப்படித்தான் நாச்சிமுத்து அவளிடம் பாடம் கேட்க ஆரம்பித்தார்.

•

முதலில் எதைப் பார்ப்பது என்று கேட்டார்.

“மீட்டரை,” என்று லாரிக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

மீட்டரைப் பேட்டரியில் வைத்தார். முள் பதினொன்றரை வோல்ட்டில் நின்றது. சொன்னார்.

“மீட்டர் சொல்றது சரியா?”

“உன் மீட்டர்தானே அம்மிணி?”

“என் மீட்டர்னா?”

அவர் அந்த மீட்டரை லாரி பேட்டரியில் வைத்துப் பார்த்தார். அலமாரியில் இருந்த இன்னொரு மீட்டரை அதே லாரி பேட்டரியில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றையே காட்டின. முப்பத்தொரு வருஷத்தில் ஆயிரக்கணக்கான வீட்டு மீட்டர்களைத் திறந்திருக்கிறார். தன் கையில் இருந்த மீட்டர் சரியா என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

அடுத்து, வண்டியில் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னாள். பேட்டரியின் ஒயரைக் கழற்றி, முனைக்கும் ஒயருக்கும் நடுவில் ஒரு சின்ன பல்பை இணைக்கச் சொன்னாள். யாராவது திருடினால் பல்பு எரியும்.

நாச்சிமுத்து பல்பைப் பார்த்தபடி உட்கார்ந்தார். ஆடிக்காற்று தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. பல்பு எரியவில்லை. வெளிச்சத்தில் தெரியவில்லையோ என்று கையால் மூடிப் பார்த்தார். எரியவில்லை. கால் மணி நேரம் பார்த்தார்.

“யாரும் திருடலை சார்.”

“பகல்ல திருடாம இருக்கலாம்.”

“கரண்ட்டுக்குப் பகல் ராத்திரி தெரியாது.”

அவர் பல்பைக் கழற்றினார். பல்பு எரிகிற பல்புதானா என்று வேறொரு பேட்டரியில் சோதித்தார். பளிச்சென்று எரிந்தது.

•

மத்தியானத்துக்கு மேல் டைனமோ.

இன்ஜின் சுற்றும்போது பெல்ட் டைனமோவைச் சுற்றும். டைனமோ கரண்ட் எடுத்துக் கொடுக்கும். அதிலிருந்து வரும் இரண்டு ஒயரையும் கழற்றச் சொன்னாள். அந்த இரண்டு முனையையும் ஒரு வெறும் கம்பியால் சேர்த்து, மீட்டரின் ஒரு முனையை அதிலும் இன்னொன்றை வண்டியின் உடம்பிலும் வைக்கச் சொன்னாள்.

இன்ஜினைக் கிளப்ப வேண்டும். செல்ஃப் முனகியது. நாச்சிமுத்துவின் தோளில் ஹேண்டில் சுற்றும் பலம் இல்லை. ஹேண்டிலை மட்டும் அவள் தொடலாம் என்று அனுமதித்தார்.

ஜெரினா ஒரே சுற்றில் கிளப்பினாள். புகை வந்தது. முள் ஏறியது. பத்து, பதினைந்து, பதினெட்டு. தயங்காமல் ஏறியது.

“போதும். நிறுத்துங்க,” என்றாள். “டைனமோ நல்லாருக்கு. கட்டினவர் யாரு?”

உடுமலையில் செல்லதுரை என்று ஒருவர். சொல்லும்போதே நாச்சிமுத்துவின் முகம் கோணியது. பழைய செம்புக் கம்பியை உருவிக்கொண்டு மட்டமான கம்பியைச் சுற்றிவிட்டான் என்று செல்லதுரை கடை வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு வந்தவர் அவர்.

“போன் பண்ணுங்க.”

“எதுக்கு?”

“நல்லாருக்குன்னு சொல்லுங்க.”

முதலில் வேலை முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றார். இது என்ன புதுப் பழக்கம் என்றும் கேட்டார்.

“ஒண்ணை முடிக்காம அடுத்ததுக்குப் போனா, நாளைக்குத் திரும்ப அதையேதான் கழட்டுவீங்க.”

அவ்வளவுதான். லாரிக்கு அடியில் போனவள் வெளியே வரவில்லை. அரை மணி நேரம் கழித்து நாச்சிமுத்து பட்டறையின் பின்பக்கம் போய் நின்று போன் செய்தார்.

டைனமோ சரியாக இருக்கிறது என்றார்.

“இதுல என்ன வில்லங்கம் வெச்சிருக்கீங்க சார்?” என்று கேட்டார் செல்லதுரை. பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

நாச்சிமுத்து திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். போனை முழங்காலில் கவிழ்த்து வைத்திருந்தார்.

“நம்பலை,” என்றார்.

லாரிக்கு அடியில் ஸ்பேனர் சத்தம் மட்டும் கேட்டது.

•

அன்று சாயங்காலம் வண்டியைப் பட்டறையில் விட்டுப் போக வேண்டியிருந்தது. பேட்டரியை மட்டும் கழற்றி ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனார். அது மடியில் கனத்துக்கொண்டே வந்தது.

பேட்டரிதான் வீட்டுக்குப் போகிறதே என்று ஜெரினா தன் சார்ஜரையும் அவரிடம் கொடுத்தனுப்பினாள். ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்றாள். அவருக்கு எந்த ஊர், எந்தத் தெரு என்று அவள் கேட்கவில்லை. போன் நம்பர்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

வழியெல்லாம் அதையே யோசித்தார். இந்தப் பெண்ணுக்கு விவரம் பத்தாது என்று நினைத்தார். இல்லையென்றால் இதில் ஏதோ உள்நோக்கம் இருக்க வேண்டும். வீட்டுக்குப் போனதும் சார்ஜரைப் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. சாதாரண சார்ஜர்.

காலையில் முழுசாக ஏறிய பேட்டரியோடு வந்தார். அவள் ஒரு டெஸ்டரைக் கொடுத்தாள். அது பேட்டரியிலிருந்து ஒரேயடியாகக் கரண்ட்டை இழுக்கும். கெட்ட பேட்டரியானால் முள் விழுந்துவிடும்.

முள் விழவில்லை. மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். அசையாமல் நின்றது.

இந்தத் தடவை அவள் எதுவும் சொல்லவில்லை. அவராகவே பேட்டரிக் கடைக்குப் போன் செய்தார். மூன்று பேட்டரியும் அதே கடைதான். மூன்று தடவையும் கடைக்காரர் சார்ஜ் போட்டுக் காட்டி, பேட்டரியில் குறையில்லை என்றார். கடைசித் தடவை நாச்சிமுத்து அவரை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் புது பேட்டரியை வாங்கிக்கொண்டு வந்தார்.

ஒரு பெண் எடுத்தாள்.

கடைக்காரர் பெயரைச் சொல்லிக் கேட்டார். அவர் ஆனி மாசம் தவறிவிட்டார் என்றாள் அந்தப் பெண். அவருடைய மனைவி.

நாச்சிமுத்து போனைக் காதிலிருந்து எடுத்தார். வைத்துவிடலாமா என்று நினைத்தார். பிறகு சொன்னார். “உங்க கடையில வாங்கின பேட்டரி நல்லாத்தான் இருக்குங்க. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

“அவர்தான் சொன்னாரே, சார்,” என்றாள் அவள்.

கோபமாகச் சொல்லவில்லை. நினைவுபடுத்துகிற மாதிரி சொன்னாள்.

அதற்குப் பிறகு வெகு நேரம் அவர் வண்டிப் பக்கம் போகவில்லை. ஜெரினா இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். ஆறிப்போய் ஆடை படிந்த பிறகு குடித்தார்.

•

மிச்சம் இருந்தது ரெகுலேட்டர் பெட்டி. டைனமோ கொடுப்பதை அளவாக்கிப் பேட்டரிக்கு அனுப்புவது அதுதான். அதை அனுப்பியவர் கோயம்புத்தூரில் பழைய உதிரிபாகம் விற்கும் பிலிப். பழைய கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸப் குழுவில், பிலிப் விற்பது போலிச் சரக்கு என்று நாச்சிமுத்து எழுதியிருந்தார்.

முழுசாக ஏறிய பேட்டரியிலும் செல்ஃப் முனகத்தான் செய்தது; ஜெரினா ஹேண்டில் போட்டாள். இன்ஜின் ஓடியது. பெட்டியின் முனையிலும் உடம்பிலும் மீட்டரை வைத்தார். பதினாலரை. எவ்வளவு வேகம் கொடுத்தாலும் பதினாலரையைத் தாண்டவில்லை.

“நல்ல பெட்டி,” என்று அவரே சொன்னார். குரலில் ஏமாற்றம் இருந்தது.

பிலிப்புக்குப் போன் செய்தார். பிலிப் செல்லதுரையைப் போலப் பேசவில்லை. ரொம்ப மரியாதையாகப் பேசினார். என்னிடம் சொன்னதற்கு நன்றி, இதைக் குழுவிலும் எழுதிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

நாச்சிமுத்து ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினார். எழுதி அழித்தார். ‘விசாரணையில்’ என்று ஆரம்பித்திருந்ததை எடுத்தார். ‘தவறுதலாக’ என்று எழுதியதையும் எடுத்தார். கடைசியில் இரண்டே வரி: பிலிப் கொடுத்த பெட்டி நல்ல பெட்டி. நான் சொன்னது பொய்.

அனுப்பிவிட்டு எழுந்தார். ஓடும் இன்ஜினில் மீட்டரைப் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தார்.

பதிமூன்று.

திரும்பப் பெட்டியில் வைத்தார். பதினாலரை. பேட்டரியில் பதிமூன்று.

“பார்த்தியா அம்மிணி?” அவர் குரல் ஏறியது. “அங்கே பதினாலரை. இங்கே பதிமூணு. நடுவுல ஒண்ணரை வோல்ட்டைக் காணோம். நான் சொன்னேனா இல்லையா?”

பெட்டியிலிருந்து பேட்டரிக்கு வரும் ஒயரைப் பார்க்கச் சொன்னாள். அந்த ஒயரின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தார். முள் அசையவில்லை. ஒயரில் எதுவும் தொலையவில்லை. விரலால் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை.

டைனமோ நல்லது. பெட்டி நல்லது. ஒயர் நல்லது. பேட்டரி நல்லது.

நாச்சிமுத்து நிமிர்ந்தார். ஜெரினாவைப் பார்த்தார். திருட்டு நடந்த வீட்டில் கதவைத் திறந்துவிட்டவரைப் பார்க்கிற பார்வை.

“எல்லாரும் நல்லவங்கன்னா ஒண்ணரை வோல்ட் எங்கே போச்சு? நேத்திலிருந்து ஒவ்வொருத்தரா நல்லவங்கன்னு என் வாயாலயே சொல்ல வெச்சுட்டே. நீயும் அவங்க கூட்டா?”

அவளுக்குக் கோபம் வரவில்லை.

“கரண்ட் போற வழியைப் பூரா பார்த்துட்டீங்க. திரும்பி வர்ற வழியைப் பார்த்தீங்களா?”

“அதுல என்ன இருக்கு? உடம்பு வழியா வரும்.”

“பாருங்க.”

பேட்டரியின் ஒரு முனையிலிருந்து ஒரு தடித்த பட்டை ஒயர் கிளம்பி, அரையடி தூரத்தில் வண்டியின் உடம்பில் ஒரு போல்ட்டில் முடிந்திருந்தது. அதுதான் எர்த். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் அந்த முனையிலும், இன்னொன்றை உடம்பில் ஒரு வெறும் இரும்பிலும் வைக்கச் சொன்னாள்.

“ரெண்டும் ஒரே இடம்தானே?” என்றார் அவர்.

“ஒரே இடம்னா முள் அசையாது.”

வைத்தார். முள் மெதுவாக எழுந்து ஒன்றரையில் நின்றது.

அவர் மீட்டரைத் தட்டினார். ஒன்றரையிலேயே நின்றது.

ஜெரினா இன்ஜினை நிறுத்தினாள். அந்த போல்ட்டின் மேல் விரலை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, உள்ளே கையை விட்டு செல்ஃபை இழுத்தாள். செல்ஃப் முனகியது. ஒன்று, இரண்டு, மூன்று வினாடி. நாச்சிமுத்து வெடுக்கென்று கையை எடுத்து விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

“சுடுதா?”

அவர் தலையை ஆட்டினார்.

சித்திரை மாசம் ஒரு காலையில் மாரப்பன் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் இதே போல்ட்டின் பக்கம் நின்றிருந்தார். ஐயா, இந்த போல்ட்டு சுடுதுங்க என்றார். நீ பேச்சை மாத்தாதே, பேட்டரியில என்ன பண்ணினே சொல்லு என்று கேட்டார் நாச்சிமுத்து. தெருவில் நாலு பேர் நின்றார்கள். மாரப்பன் சாவியை மட்கார்டின் மேல் வைத்துவிட்டு நடந்து போனார்.

•

போல்ட்டைக் கழற்றினார்.

பட்டைக்கு அடியில் பச்சைப் பெயின்ட். கீறல் இல்லாமல், வழவழவென்று. போல்ட் துளையின் ஓரத்தில் மிளகு அளவுக்கு ஓர் இடம் மட்டும் கருகியிருந்தது. இரண்டு வருஷமாக அந்த மிளகு அளவு வழியாகத்தான் எல்லாம் வந்துகொண்டிருந்திருக்கிறது.

“பெயின்ட் யாரு சார் அடிச்சது?”

நாச்சிமுத்துவின் முகம் தெளிந்தது. கோயம்புத்தூரில் ஒருவன் என்றார். பத்தொன்பது நாள் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தும் கோட்டை விட்டுவிட்டேன் என்றார். அவனைச் சும்மா விடுவதில்லை என்றார். ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் வேகவேகமாகப் பேசினார்.

ஜெரினா அவர் முடிக்கும் வரை காத்திருந்தாள்.

“பெயின்ட்டர் பெயின்ட் அடிப்பார். அது அவர் வேலை. அடிச்ச பிறகு பேட்டரியை மாட்டி இந்த போல்ட்டை முறுக்கினது யாரு?”

காற்று ஒரு தகரத்தைத் தூக்கி அடித்தது. இரண்டாவது தடவையும் அடித்தது.

பெயின்ட்டர் மாட்டுவதாகத்தான் சொன்னார். சுரண்டிவிட்டு மாட்ட வேண்டும் சார், நான் செய்கிறேன் என்று இரண்டு தடவை கேட்டார். விட்டால் பேட்டரியை மாற்றிவிடுவான் என்று நாச்சிமுத்து அவரைக் கிட்டவே விடவில்லை. சொந்த ஸ்பேனரை வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தார்.

“நான்தான்,” என்றார்.

அவள் ஒரு துண்டு உப்புத்தாளைக் கிழித்துக் கொடுத்தாள்.

அவர் குனிந்து தேய்க்க ஆரம்பித்தார். பச்சை போயிற்று. அதற்கடியில் சாம்பல் நிறம் வந்தது. அதுவும் போய் இரும்பு வெளுத்தது. அதற்குப் பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தார். போதும் என்று அவள் சொல்லவில்லை. அவராக நிறுத்தும் வரை நின்றாள்.

பட்டையை வைத்து போல்ட்டை முறுக்கினார். உள்ளே உட்கார்ந்து செல்ஃபை இழுத்தார்.

தொட்டதும் எடுத்தது.

டேஷ்போர்டில் ஆம்பியர் முள் சார்ஜ் பக்கத்தில் இரண்டு வருஷமாகப் போகாத தூரத்துக்குப் போய் நின்றது. பேட்டரியில் மீட்டர் பதினாலரை காட்டியது. அவர் லைட்டைப் போட்டார். மத்தியான வெயிலிலும் எதிர்ச் சுவரில் இரண்டு வட்டம் தெரிந்தது.

வெகு நேரம் இன்ஜினை ஓடவிட்டபடி உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார், “இத்தனை நாள் அந்தக் கரண்ட் எல்லாம் எங்கேதான் போச்சுங்க?”

அவளிடம் அவர் ‘ங்க’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

“எங்கேயும் போகலை சார். திரும்பி வர வழி இல்லாம அங்கேயே நின்னுச்சு.”

அவள் லாரிக்கு அடியில் போய்விட்டாள்.

நாச்சிமுத்து போனை எடுத்தார். மாரப்பன் பெயர் வரை போனார். அழுத்தவில்லை. அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தார். செல்லதுரைக்குச் சொல்லச் சொன்னவள் இதற்கும் சொல்வாள் என்று நினைத்தார்.

“இதுக்குப் போன் பண்ணச் சொல்லலையே?” என்றார்.

“இதுக்குப் போன் பத்தாது,” என்று குரல் மட்டும் வந்தது.

•

மாரப்பன் வீடு ஆனைமலை போகும் வழியில் இருந்தது. அங்கே போவதற்கு முன்னால் நாச்சிமுத்து இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தினார்.

மாரப்பனை வேலைக்கு வைக்கலாமா என்று அந்த இரண்டு பேரும் அவரிடம் கேட்டிருந்தார்கள். ஒருவர் தென்னந்தோப்புக்காரர். இன்னொருவர் கல்யாண மண்டபம் நடத்துபவர். கை சுத்தமில்லை என்று இருவரிடமும் சொல்லியிருந்தார். பறக்கும் படையில் இருந்தவர் சொன்னால் மறுபேச்சு ஏது? மூன்று மாசம் மாரப்பனுக்குப் பொள்ளாச்சியில் வேலை கிடைக்கவில்லை. கடைசியில் உடுமலையில் ஒரு பள்ளிக்கூட வேன் கிடைத்தது. விடிவதற்குள் கிளம்பிப் போக வேண்டும்.

திருடன் மாரப்பன் இல்லை என்று இருவரிடமும் சொன்னார். அப்படியானால் யார் என்று தோப்புக்காரர் கேட்டார். யாரும் இல்லை என்றார் நாச்சிமுத்து. தோப்புக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மாரப்பன் ஏதோ மிரட்டி வைத்திருக்கிறான் என்று நினைத்திருக்க வேண்டும்.

மாரப்பன் வீட்டு முன்னால் மஞ்சள் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது தாண்டிய மெலிந்த மனிதர். பச்சைக் கார் வந்து நின்றதும் கை நின்றது. இன்ஜின் ஓடுவதைத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“போல்ட்டுங்களா?”

“போல்ட்டுதான்,” என்றார் நாச்சிமுத்து.

மாரப்பன் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் வேனைத் துடைக்க ஆரம்பித்தார். உட்காரச் சொல்லவில்லை.

நாச்சிமுத்து நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பெயின்ட்டைச் சொன்னார். முறுக்கியது தன் கை என்றார். தோப்புக்காரரையும் மண்டபத்துக்காரரையும் பார்த்துவிட்டு வந்ததைச் சொன்னார். தெருவில் வைத்து அப்படிப் பேசியது தப்பு என்றார். திரும்ப வேலைக்கு வந்துவிடு என்றார்.

மாரப்பன் கேட்டுக்கொண்டே சக்கரங்களுக்குத் தண்ணீர் ஊற்றினார். ஒரு சக்கரம், இரண்டாவது சக்கரம். மூன்றாவதுக்குப் போகும்போது கேட்டார்.

“இப்ப உங்களுக்கு என்ன வேணுமுங்க?”

“ஒண்ணும் வேண்டாம் மாரப்பா.”

“ஒண்ணும் வேண்டாம்னு வர்ற ஆள் இல்லீங்களே நீங்க.”

மாரப்பன் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். இந்தப் பார்வை நாச்சிமுத்துவுக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் அவர் கண்ணில் இருந்தது அது. எதிரில் நின்று பார்ப்பது இதுதான் முதல் தடவை.

மாரப்பன் வாளியைக் கீழே வைத்தார்.

“ஒண்ணு கேக்கறேனுங்க. போல்ட்டு கெடைச்சுது. அதனால வந்துட்டீங்க. கெடைக்காமப் போயிருந்தா?”

எந்தப் பதிலைச் சொன்னால் மாரப்பன் திரும்பி வருவார் என்று நாச்சிமுத்துவுக்குத் தெரிந்தது. எத்தனையோ பேரை விசாரித்தவர். ஒரு பொய் வாய்க்கு வருவதற்கு முன்னால் எப்படித் தொண்டையில் உருளும் என்று அடுத்தவர் முகத்தில் பார்த்திருக்கிறார். இப்போது அது அவர் தொண்டையில் உருண்டது. அதை விழுங்கினார்.

“இன்னும் உன்னையத்தான் திருடன்னு சொல்லிட்டிருப்பேன், மாரப்பா.”

வேனிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மாரப்பன் அவரையே பார்த்தார். கையில் இருந்த ஈரத்துணியைப் பிழிந்தார். உதறினார். வேன் கண்ணாடியின் மேல் விரித்துப் போட்டார்.

“வேலைக்கு வரமாட்டேனுங்க,” என்றார்.

“சரி.”

“ஞாயித்துக்கிழமை வர்றேன்.”

“எதுக்கு?”

“சும்மா.”